குழந்தைக்குத் துணி மாற்ற எத்தனை கருவிகள் வேண்டும்?

பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை வரை துணி மாற்ற வேண்டியிருக்கும். பத்து முறையும் யாரோ ஒருவர் குனிந்து, கழற்றி, துடைத்து, ஈரம் போக ஒற்றி, மறுபடி கட்டிவிட வேண்டும். இரவு பகல் பார்க்காத இந்த வேலையைச் சுற்றி இன்று ஒரு பெரிய கடைத்தெருவே எழுந்துவிட்டது. டயப்பர் மாற்றும் மேசை, ஈரத் துடைப்பான்களைச் சூடாக வைக்கும் பெட்டி, நாற்றம் வெளியே வராத டயப்பர் தொட்டி, கிரீம் தடவ சிலிக்கான் தூரிகை, படுக்கையாக விரியும் முதுகுப்பை, குழந்தை நனைத்ததும் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் உணரி என்று இணையக் கடைகள் வரிசையாகக் காட்டுகின்றன. இவற்றையெல்லாம் வாங்காவிட்டால் குழந்தைக்குக் குறை வைத்துவிடுவோமோ என்ற பயம் முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் வீடுகளில் எளிதாகப் பற்றிக்கொள்கிறது.

இவை பயன்படுமா, வீண் செலவா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொரு கருவியும் எங்கோ ஒரு வீட்டில் இருந்த சிரமத்தைத் தீர்க்கப் பிறந்தது. அந்த வீடு எப்படிப்பட்டது, அங்கே என்ன இல்லாமல் இருந்தது என்று பார்த்தால், அது நமக்குத் தேவையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் வந்த கண்டுபிடிப்புகள் தாய்மாருக்குச் செய்த உதவி பெரிது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த மரியன் டொனோவன், குழந்தையின் துணியும் மெத்தையும் சேர்ந்து நனைவதைப் பார்த்துச் சலித்து, 1946இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் துணிக்கு மேலே போடும் நீர்புகா உறை ஒன்றைத் தைத்தார். பிறகு பாராசூட் நைலானில் அதைச் செய்தார்; குத்தும் ஊக்குக்குப் பதிலாக அழுத்திப் பூட்டும் பித்தான் வைத்தார். 1949இல் அது நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் விற்பனைக்கு வந்தது. 1951இல் காப்புரிமை கிடைத்தது. பயன்படுத்தித் தூக்கியெறியும் காகித டயப்பரையும் அவர் யோசித்தார். அன்றைய உற்பத்தியாளர்கள் அதற்குக் காது கொடுக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ் தலைமையில் உருவான பாம்பர்ஸ், 1961இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரத்தில் சோதனை விற்பனைக்கு வந்தது. 1980களில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வேதிப்பொருள் டயப்பருக்குள் நுழைந்தது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துக் கூழாக்கிக்கொள்ளும் பொருள் அது. தடித்த பஞ்சு மூட்டை போலிருந்த டயப்பர் அதன் பிறகுதான் மெலிந்தது.

இந்த மூன்றும் தாயின் கையிலிருந்து ஒரு வேலையை உண்மையாகவே வாங்கிக்கொண்டன. பின்னால் வந்தவற்றில் பல அப்படிச் செய்யவில்லை. துடைக்க வேண்டிய, நிரப்ப வேண்டிய, மின்னேற்ற வேண்டிய இன்னொரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்தன.

முதலில் மேசையை எடுத்துக்கொள்வோம். செலவும் இடமும் அதிகம் கேட்பது அதுதான். தரைவிரிப்பு போட்ட அமெரிக்க வீட்டில், குழந்தைக்கென்று தனி அறை. அதில் இடுப்பளவு உயரத்தில் இழுப்பறைகளோடு ஒரு மேசை. தரையில் உட்காரும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது இயல்பான தேவை. நம் வீடுகளில் தரைதான் மேசை. பாய் விரித்து, மேலே ஒரு விரிப்பைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தால் வேலை முடிந்தது. தரையில் கிடக்கும் குழந்தை கீழே விழ வழியில்லை. இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையும் தாயும் புகுந்த வீட்டுக்குப் போகிறார்கள். அதற்குள் இடம் மாறப்போகிற குழந்தைக்கு மேசை வாங்கினால் அது எந்த வீட்டில் நிற்பது? குழந்தை நின்று பழகிய பிறகு, கால்சட்டை போல மாட்டும் பேன்ட் வகை டயப்பரைப் படுக்க வைக்காமலே போட்டுவிடலாம். நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பதும் அந்த வகைதான். மேசையின் தேவை அங்கே இன்னும் குறைகிறது.

ஆனால் இதோடு மேசையைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தவை. நாட்டின் சராசரி 21.5. அதாவது இங்கே குழந்தை பெறும் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். அவர்களிடம் தரையில் உட்காரு, எழுந்திரு, குனி என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வது கொடுமை. பாட்டிதானே பார்த்துக்கொள்கிறாள் என்றால், அந்தப் பாட்டிக்கு முழங்கால் வலி. நம் பழைய முறை நல்ல முறைதான். ஆனால் அது தரையில் சுலபமாக உட்கார்ந்து எழும் உடம்பை நம்பி இருந்தது. அந்த உடம்பு இல்லாதபோது, உயரமான இடம் ஒன்று வேண்டும்.

அதற்குத் தனி மேசை வாங்க வேண்டியதில்லை. ஆடாத, அகலமான சாப்பாட்டு மேசையோ எழுதும் மேசையோ போதும். சுவரோரம் தள்ளி, மேலே மெத்தென்ற விரிப்பைப் போட்டுக்கொள்ளலாம். முதல் ஒன்றரை இரண்டு மாதங்கள், தையல் ஆறும் வரை, இந்த ஏற்பாடு. தேவையான எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் குழந்தையைக் கிடத்த வேண்டும். ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல் இருக்க வேண்டும். வார்ப்பட்டையும் விளிம்பும் உள்ள மேசையில்கூட கையை எடுக்காதீர்கள் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் சொல்கிறது. நான்கு மாத வாக்கில் குழந்தை புரளத் தொடங்கும். முதல் புரளல் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதற்கு முன்பே தரைக்கு இறங்கிவிடுவது நல்லது.

எல்லாக் கருவிகளிலும் எது மிகவும் பயன்பட்டது என்று கேட்டால், பெரும்பாலான அம்மாக்கள் விலை குறைந்த ஒன்றைத்தான் சொல்வார்கள்: விரிப்பு. முன்பு சிவப்பு ரப்பர் ஷீட் இருந்தது. நீர் இறங்காது, ஆனால் வியர்க்கும், வழுக்கும், மேலே ஒரு துணி போட்டாக வேண்டும். இப்போது டிரை ஷீட் என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோம். மேலே மெல்லிய கம்பளி போன்ற துணி, அடியில் நீர் இறங்காத படலம். துவைத்து நிழலில் போட்டால் சீக்கிரம் காய்கிறது. ஒன்று குழந்தைக்கு அடியில், ஒன்று கொடியில், ஒன்று பையில் என்று மூன்று இருந்தால் மெத்தையும் பாயும் தப்பும், வெளியூர்ப் பயணமும் சுலபமாகும். டொனோவன் செய்ததன் நேரடி வாரிசு இது. இதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு ரூபாயும் வீணில்லை.

ஈரத் துடைப்பான்கள், அதாவது வைப்ஸ், பயணத்திலும் நள்ளிரவிலும் கை கொடுப்பவை. அவை தோலுக்குக் கேடு என்ற பேச்சு உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 280 பச்சிளங் குழந்தைகளை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், மணமில்லாத ஒரு வகைத் துடைப்பான் வெறும் நீரும் பஞ்சும் போலவே தோலைக் காத்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது துடைப்பான் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுபக்கம், மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்பொருள் சிலருக்கு ஒவ்வாமை தருவது தெரிந்து, கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. வாங்குபவர் மணமில்லாததை எடுத்து, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்து வாங்கலாம். ஆனால் வீட்டில், குழாயும் குவளையும் பக்கத்தில் இருக்கும்போது, தண்ணீரில் கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றிவிடும் நம் பழக்கத்தை விட வேண்டிய காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பெண் குழந்தையை முன்னிருந்து பின்னோக்கித் துடைக்க வேண்டும்; சிறுநீர்ப் பாதையில் தொற்று வராமல் இருக்க அது முக்கியம். அந்தப் பழக்கம் எந்தக் கருவியோடும் பெட்டியில் வருவதில்லை.

துடைப்பானைச் சூடாக்கும் பெட்டி குளிர் நாடுகளின் பிள்ளை. சென்னையிலும் மதுரையிலும் அதற்கு வேலையே இல்லை. உதகையில் இருப்பவர்கூட வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்துகொள்ளலாம். ஆண் குழந்தை மேலே பீய்ச்சாமல் இருக்கக் கவிழ்த்து வைக்கும் கூம்புத் துணி, கிரீம் தடவும் தூரிகை ஆகியவற்றுக்கும் இதே பதில்: ஒரு கைக்குட்டையும் கழுவிய விரலும் போதும். பவுடரைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். துணி மாற்றும்போது பவுடர் கொட்டுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு என்று குழந்தை மருத்துவர்கள் நெடுநாளாக எச்சரிக்கிறார்கள். டால்க் கலந்த குழந்தைப் பவுடரின் விற்பனையை ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023இல் உலகெங்கும் நிறுத்தியது. தோல் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்ஸைடு கிரீமும் காற்றோட்டமும்தான் மருந்து.

அடுத்தது டயப்பர் தொட்டி. குப்பை வண்டி வாரம் ஒருமுறையோ அதற்கும் அரிதாகவோ வரும் ஊர்களுக்காகச் செய்யப்பட்டது அது. ஐம்பது அறுபது டயப்பர்களை ஏழு நாள் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டுமென்றால் நாற்றத்தை அடைக்கும் தொட்டியும், அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் உறைச் சுருளும் வேண்டியிருக்கும். அந்தச் சுருளை மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு லாபம் அங்கேதான். நம் நகரங்களில் தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் தினமும் காலையில் வருகிறார். அன்றன்று கொடுத்துவிடலாம். மூடியுள்ள சிறிய வாளி ஒன்று போதும்.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும். குழந்தையின் மலம் தீங்கற்றது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கும். மலத்தைக் கழிப்பறையில் தட்டி நீரூற்றிவிட்டு, டயப்பரைச் சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, தனியாகக் கொடுக்க வேண்டும். சுகாதாரக் கழிவுகளைச் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும் என்றும், உற்பத்தியாளர்கள் அதற்கான உறையைத் தர வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. எத்தனை டயப்பர் பொட்டலங்களில் அந்த உறை இருக்கிறது? சுற்றாமல் வீசும் ஒவ்வொரு டயப்பரையும் ஒரு மனிதர் கையால் பிரிக்கிறார். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் போய்ச் சேருவது வெறும் குப்பை என்று எண்ணிக்கொண்டு நாம் கதவைச் சாத்திவிடுகிறோம். வாசனையை அடைக்கும் தொட்டிக்குச் செலவழிக்க யோசிப்பவர்கள், அந்த மனிதருக்காக ஒரு பழைய செய்தித்தாளைச் செலவழிக்கலாம்.

உணரிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019இல் பாம்பர்ஸை விற்கும் நிறுவனம் டயப்பரில் ஒட்டும் உணரியும் கேமராவும் செயலியும் சேர்ந்த லூமி என்ற ஏற்பாட்டை அறிவித்தபோது பெரிய பேச்சானது. ஆனால் பல டயப்பர்களின் முன்பக்கம் இருக்கும் மஞ்சள் கோடு ஈரம் பட்டதும் நீலமாகும். அந்தச் சிறிய நிறமாற்றமே போதுமான செய்தி. அது உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு. உறிஞ்சும் கூழ் ஈரத்தை மறைத்துவிடுவதால் முதல் குழந்தையின் தாய்க்கு நனைந்ததா இல்லையா என்று தெரிவதில்லை. தாய்ப்பால் போதுகிறதா என்று அறிய, ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அந்தக் கணக்கை நாட்காட்டியில் கோடு போட்டு வைத்தாலே போதும்.

இனி பெரிய கேள்விக்கு வருவோம்: டயப்பரே தேவையா?

பழைய வேட்டியையும் பருத்திப் புடவையையும் கிழித்துக் கட்டிய தலைமுறைக்கு டயப்பர் என்றாலே ஒரு சந்தேகம். தூளியில் கிடக்கும் குழந்தை நனைத்தால் புடவை வழியே தரையில் சொட்டும்; உடனே தெரியும், உடனே மாற்றுவார்கள். அந்த உடனடித்தன்மையில் தோலுக்கு நன்மை இருந்தது. சிறுநீரும் மலமும் கலந்து நெடுநேரம் தோலில் இருந்தால் அம்மோனியா உண்டாகி, மலத்திலுள்ள நொதிகள் வீரியம் பெற்று, தோலை அரிக்கின்றன. டயப்பர் புண் வருவது இப்படித்தான். பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்ற விளம்பரம் உறிஞ்சும் திறனைப் பற்றியது. அதைக் குழந்தையின் தோல் தாங்கும் நேரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலம் போனால் அப்போதே, இல்லாவிட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

செலவுக் கணக்கு எளிது. ஒன்றுக்குப் பத்து ரூபாய், நாளைக்கு ஆறு என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய். இரண்டு ஆண்டில் 43,200. டயப்பர் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருந்தாலும், கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது தாங்காத தொகை. இரவுக்கு ஒன்று மட்டும் என்றால் மாதம் 300 ரூபாயில் முடியும்.

சுற்றுச்சூழல் கணக்கு அவ்வளவு எளிதல்ல. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட வாழ்நாள் மதிப்பீட்டில், இரண்டரை ஆண்டுக்குத் தூக்கியெறியும் டயப்பர் 550 கிலோ, துணி டயப்பர் சராசரியாக 570 கிலோ கார்பன் டைஆக்சைடுக்கு நிகரான பசுங்குடில் வாயுவை உண்டாக்கியது. துணி தோற்றுவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். அந்த 570 எங்கிருந்து வந்தது? வெந்நீரில் துவைப்பதிலிருந்தும், மின்சார உலர்த்தியில் காயவைப்பதிலிருந்தும். இயந்திரம் நிறையத் துவைத்து, வெளியே கொடியில் காயவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறையும் என்று அதே அறிக்கை சொன்னது. 2023இல் வந்த புதிய பிரிட்டன் மதிப்பீட்டில் துணியின் பாதிப்பு சுமார் 25 விழுக்காடு குறைவு. மொட்டைமாடியும் கொடியும் வெயிலும் இருக்கும் தமிழ்நாட்டு வீட்டில் கணக்கு துணியின் பக்கம்தான் சாயும் என்பது என் முடிவு. ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னையே லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதை மறந்துவிட்டு, எல்லாரும் துணிக்கே திரும்புங்கள் என்று உபதேசிக்க முடியாது. துவைப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. பிரசவித்த பெண்ணே துவைக்க வேண்டிய வீட்டில் துணி டயப்பரை இலட்சியமாக்குவது அவள் முதுகில் இன்னொரு சுமை. பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்று பல குடும்பங்கள் தாமாகவே கண்டடைந்த வழி எனக்கு அறிவுள்ள வழியாகப் படுகிறது. வாங்கும் டயப்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2021ஆம் ஆண்டுத் தரமான ஐஎஸ் 17509 குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எது அவசியம் என்பதை அரசுகள் யோசித்த விதத்திலும் பாடம் இருக்கிறது. பின்லாந்து 1938இல் ஏழைத் தாய்மாருக்கும் 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் குழந்தைப் பெட்டி கொடுத்து வருகிறது. தூக்கியெறியும் டயப்பருக்குப் பதிலாக 2006இல் துணி டயப்பர் அதில் மறுபடி இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள் இருந்தன: துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, தாய்க்குச் சுண்டி லேகியம். மின்சாரத்தில் ஓடுவது அதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் தனி மேசை வேண்டாம் என்று சொன்ன நானே, வீட்டுக்கு வெளியே அது வேண்டும் என்று சொல்வேன். பேருந்து நிலையத்தில், ரயில் நிலையத்தில், துணிக்கடையில், திருமண மண்டபத்தில் குழந்தைக்குத் துணி மாற்ற இடமில்லாமல் தாய்மார் படும் பாடு சொல்லி முடியாது. நனைந்த கழிப்பறைத் தரையில் குழந்தையைக் கிடத்த முடியாது. மடியில் வைத்து ஒரு கையால் சமாளிக்கிறார்கள். சுவரில் மடித்து வைக்கும் பலகை இங்கேதான் தன் தகுதியைக் காட்டும். ஒருவர் வீட்டில் இரண்டு ஆண்டில் ஓரம்போகும் பொருள், பொது இடத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தாங்கும். அமெரிக்காவில் 2016 அக்டோபரில் கையெழுத்தான சட்டம், மத்திய அரசின் பொதுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் பெண்கள் கழிப்பறையிலும் இந்தப் பலகை இருக்க வேண்டும் என்றது. ஆண்கள் பக்கமும் என்பது முக்கியம். பலகை பெண்கள் பக்கம் மட்டும் இருந்தால், குழந்தையோடு வந்த தகப்பன் செய்ய நினைத்தாலும் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 2015இல் 350க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல தொடக்கம் அது. ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, ஒரு குழாய், மூடியுள்ள ஒரு குப்பை வாளி சேர்க்க அரசுக்குப் பெரிய செலவாகாது.

பேறுகாலத்துக்கு முன்பே குழந்தைக்குப் பொருள் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதை இளையவர்கள் மூடநம்பிக்கை என்பார்கள். காரணம் எதுவானாலும் பலன் நல்லது. குழந்தை பிறந்து ஒரு வாரம் போனால் எது தேவை என்று அந்தக் குழந்தையே சொல்லிவிடும். அதுவரை மூன்று விரிப்பு, கைகொள்ளும் அளவுக்குப் பழைய பருத்தித் துணி, ஒரு சிறிய டயப்பர் பொட்டலம், மூடியுள்ள வாளி இருந்தால் போதும்.

குழந்தை பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டி பெட்டியாகக் கருவி வாங்கிப் போகாதீர்கள். அந்தப் பணத்தை இரண்டு மாதத்துக்குத் துணி துவைக்க வரும் அம்மாவின் சம்பளமாகக் கொடுங்கள். குழந்தையின் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை: இரவில் ஒருமுறையாவது நீங்கள் எழுந்து மாற்றுங்கள்.